துருக்கியர் என்ற ஒற்றைப் பெயர்



நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவரைப் படத்துக்கு மாலை போட்டு நினைத்துவிட்டுக் கலைந்துபோக நமக்கு மனம் ஒப்பாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை முடிந்த மட்டும் ஆழமாகப் பார்ப்பதே நினைவுப் பேருரைக்கு அழகு. இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலர் புருவம் உயர்த்தினார்கள். சுவீடன் நாட்டில் வாழும் துருக்கிக் குடியேறிகளைப் பற்றித் தலித் இலக்கிய அரங்கில் என்ன பேச்சு என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலும் நம் மரபிலேயே இருக்கிறது. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களுடைய அனுபவத்தைக் கற்றுக்கொள்வது நமக்குப் பழைய வேலை. சுவீடனில் வாழும் துருக்கி மக்களின் கதை இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட உதவுகிறது. ஓர் அரசு சமத்துவத்தைச் சட்டமாக்கினால் அது எதுவரை போய்ச் சேரும்? ஒரு சமூகம் வேறு நாட்டுக்குப் போகும்போது தன் பழைய ஏணியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறதா?

முதலில் ஒரு பழைய செய்தி. துருக்கிக்கும் சுவீடனுக்கும் இடையே முதலில் அடைக்கலம் தேடிப் போனவர் துருக்கியர் இல்லை, சுவீடனின் அரசர். 1709இல் போல்தாவா போரில் ரஷ்யரிடம் தோற்ற பன்னிரண்டாம் கார்ல், உதுமானியப் பேரரசுக்குள் ஓடிவந்து பெந்தெர் என்ற ஊரில் தங்கினார். ஐந்து ஆண்டுகள் சுல்தானின் சோற்றைத் தின்றார், கடன் வாங்கினார். போகச் சொன்னபோது போகவில்லை. 1713இல் அவரை வெளியேற்றப் பெரிய மோதலே நடந்தது. அந்த மோதலின் பெயராகவே ‘கலபலிக்’ என்ற சொல் சுவீடிஷ் மொழிக்குள் வந்தது. துருக்கியில் அதற்குக் கூட்டம் என்று பொருள். சுவீடிஷில் அமளி என்று பொருள். அரசர் 1714இல் கிளம்பிப் போன பிறகு கடன் கொடுத்தவர்கள் அவரைத் தொடர்ந்து சுவீடன் வரைக்கும் போனார்கள். அந்நியர் வந்து நம் சோற்றைத் தின்கிறார்கள் என்று இன்று ஐரோப்பாவில் முழங்குகிறவர்களுக்கு இந்தச் செய்தியை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் சுவீடன் கலந்துகொள்ளவில்லை. அதன் ஆலைகள் இடிபடவில்லை. போருக்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் இரும்பும் இயந்திரமும் கேட்டபோது சுவீடனில் வேலை இருந்தது, கை போதவில்லை. 1960களில் துருக்கியின் நடுப்பகுதியான அனத்தோலியாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொன்யா மாகாணத்தில் குலு என்றொரு சிறிய ஊர். அங்கிருந்து ஒருவர் போனார். அவர் தம்பியை அழைத்தார். தம்பி மச்சானை அழைத்தார். இப்படியே அந்த வட்டாரமே சுவீடனோடு கட்டுண்டது. 1967இல் இரு நாட்டு அரசுகளும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்று துருக்கியில் பிறந்து சுவீடனில் வாழ்கிறவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். அங்கேயே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அவர்கள் செய்தது ஆலை வேலை, உணவக வேலை, துப்புரவு வேலை. சுவீடன்காரர்கள் செய்ய விரும்பாத வேலை. இதில் நமக்கு வியப்பில்லை. எந்த நாட்டிலும் அழுக்கு வேலைக்கு ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. சுவீடனின் தொழிற்சங்கப் பேரவையான எல்.ஓ., வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உள்நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே கூலி என்பதில் உறுதியாக நின்றது. அது இரக்கத்தால் வந்த உறுதி என்று நாம் ஏமாற வேண்டாம். வந்தவனைக் குறைந்த கூலிக்கு விட்டால் நாளை நம் கூலியும் குறையும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அதே சங்கம்தான் 1972இல் வடஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்த வைத்தது. வந்தவனுக்குச் சம கூலி, வராதவனுக்குக் கதவடைப்பு: இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஆனாலும் கணக்கால் வந்த சமத்துவம் கையில் கிடைத்த சமத்துவம்தான். கருணையால் கிடைப்பது கருணை தீர்ந்ததும் போய்விடும். நலன்கள் பின்னிக் கிடப்பதால் கிடைப்பதைப் பிடுங்குவது கடினம்.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று முடிவுகள் வந்தன. 1975இல் சுவீடன் நாடாளுமன்றம் குடியேறிகள் பற்றிய கொள்கையைச் சமத்துவம், தேர்ந்துகொள்ளும் உரிமை, கூட்டுறவு என்ற மூன்று சொற்களில் வகுத்தது. 1976 தேர்தலிலிருந்து, மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் குடியுரிமை பெறாமலேயே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடலாம் என்றானது. 1977இல் பள்ளிகளில் குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் ஏற்பாடு வந்தது. பின்னாளில் ஈழத்திலிருந்து போன நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதே ஏற்பாட்டில்தான் அங்கே தமிழ் படித்தார்கள். ஜெர்மனியில் இதைவிடப் பல மடங்கு துருக்கியர்கள் இருக்கிறார்கள். அவர்களை ‘விருந்தினர் தொழிலாளி’ என்று அழைத்தார்கள். விருந்தினர் என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர் என்றுதான் அர்த்தம். ஜெர்மன் குடியுரிமை பெறாத துருக்கியர் அங்கே உள்ளாட்சியில்கூட இன்றுவரை வாக்களிக்க முடியாது. பெயர் வைப்பதிலேயே உரிமையும் தீர்மானமாகிவிடுகிறது.

தோழர்களே, ‘துருக்கியர்’ என்ற பெயரையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெயரோடு சுவீடனுக்கு வந்தவர்கள் யார்? குலு வட்டாரத்து உழவர்கள். அவர்களில் துருக்கியரும் உண்டு, குர்துகளும் உண்டு. 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பிறகும் 1980 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பிறகும் தப்பி வந்த இடதுசாரிகள், குர்து அரசியல்காரர்கள், எழுத்தாளர்கள். துருக்கியின் தென்கிழக்கில் தூர் அப்தீன் மலைப்பகுதியிலிருந்து வந்த சிரியாக் கிறிஸ்தவர்கள். இவர்கள் எல்லோர் கையிலும் ஒரே கடவுச்சீட்டு. சுவீடன் அலுவலர் அதைப் பார்த்தார், துருக்கி என்று பதிந்தார். ஆனால் 1915இல் தம் முன்னோரைப் படுகொலைக்குக் கொடுத்த சிரியாக் கிறிஸ்தவருக்கும், தன் மொழியைப் பேசத் தடைபட்ட குர்துக்கும், அவர்கள்மீது ஆட்சி செலுத்திய துருக்கியத் தேசியப் பெருமிதத்துக்கும் அந்தப் பெயர் ஒன்றாக எப்படிப் பொருந்தும்? 1934இல் வந்த குடும்பப்பெயர்ச் சட்டத்தால் அவர்களுடைய பெயர்கள்கூடத் துருக்கிய மொழியில் மாற்றப்பட்டிருந்தன. ஒடுக்கியவனின் பெயரைச் சுமந்துகொண்டு ஒடுக்கப்பட்டவன் அடைக்கலம் தேடி வந்தான்.

வெளிநாட்டில் ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அக்கிரகாரமும் சேரியும் ஒன்றாக அடைபடுவதை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே சோடர்டேல்யே என்ற தொழில் நகரம் இருக்கிறது. சிரியாக் கிறிஸ்தவர்கள் அங்கே 1960களின் இறுதியிலிருந்து குடியேறினார்கள். அவர்களுக்குள்ளும் தம்மை அசீரியர் என்பதா, சிரியாக் என்பதா என்று பிளவு. ஒரே நகரத்தில் இரண்டு பெயரிலும் இரண்டு கால்பந்து அணிகள். ‘அசீரிஸ்கா’ 2005இலும், ‘சிரியான்ஸ்கா’ 2011இலும் சுவீடனின் முதல்தர ஆட்டக் களத்துக்கு ஏறின. சொந்த நாடில்லாத மக்களுக்கு அந்த அணிகள் தேசிய அணிகளாகவே இருந்தன. 2010 மார்ச்சில் சுவீடன் நாடாளுமன்றம் 1915 படுகொலைகளை இனப்படுகொலை என்று ஏற்றது. ஆதரவு 131, எதிர்ப்பு 130. ஒரே ஒரு வாக்கு. சொந்த மண்ணில் வாய்திறந்து சொல்ல முடியாத சாவை, அடைக்கலம் தந்த நாட்டின் அவைக்குறிப்பில் அவர்கள் ஏற்றினார்கள். அகதியாக வந்தவர்கள் அங்கே வாக்காளர்களாகவும் உறுப்பினர்களாகவும் ஆகியிருந்ததால் அது நடந்தது. துருக்கியில் பிறந்து சிறுவனாக வந்த சிரியாக் சமூகத்தவர் இப்ராகிம் பைலான், 2004இலேயே சுவீடனின் பள்ளிக்கல்வி அமைச்சராகியிருந்தார்.

இது இலக்கிய அரங்கு. ஆகவே குர்து மொழியின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

துருக்கியில் குர்து மொழி நீண்ட காலம் ஒடுக்கப்பட்டிருந்தது. 1983இல் வந்த ஒரு சட்டம் அதில் கருத்தை வெளியிடுவதையே குற்றமாக்கியது. 1991 வரை அந்தச் சட்டம் நீடித்தது. கோடிக்கணக்கானவர்கள் வீட்டில் பேசுகிற மொழி. பள்ளியில் இல்லை, நீதிமன்றத்தில் இல்லை, அச்சில் இல்லை. அதே ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் குர்து மொழியில் புத்தகங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. குடியேறிகளின் மொழிகளில் நூல் வெளியிடவும் இதழ் நடத்தவும் சுவீடன் அரசு உதவித்தொகை கொடுத்தது. தாய்மொழி வகுப்புக்குப் பாடநூல் வேண்டும். பாடநூல் எழுத ஆள் வேண்டும். எழுதுகிறவனுக்கு எழுத்துமுறை, இலக்கணம், அகராதி வேண்டும். வாரத்தில் சில மணி நேரப் பள்ளி வகுப்பு, சிதறிக் கிடந்த மொழிக்கு ஒரு முதுகெலும்பைக் கொடுத்தது.

மெஹ்மத் உசூன் 1953இல் சிவெரெக் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே துருக்கியில் சிறைப்பட்டவர். 1977இல் சுவீடனுக்கு வந்தார். குர்து மொழியில் நவீன நாவல் என்று சொல்ல அப்போது மிகச் சில நூல்களே இருந்தன. அவருடைய முதல் நாவல் 1985இல் வெளிவந்தது. அதன் தலைப்பு ‘து’. குர்து மொழியில் அதற்கு ‘நீ’ என்று பொருள். தடைசெய்யப்பட்ட மொழியில் எழுதுகிறவன் முதலில் ஓர் எதிராளியை, கேட்கிற ஒருவனை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நாவல்கள் தொடர்ந்தன. நோயுற்றபோது, 2006இல், அவர் தியார்பக்கிருக்குத் திரும்பினார். 2007 அக்டோபரில் அங்கேயே இறந்தார். தன் மொழியின் மண்ணில் எழுத முடியாதவருக்குச் சாக மட்டும் அந்த மண் கிடைத்தது.

இதை நாம் கண்ணீரோடு மட்டும் பார்க்கக் கூடாது. எழுத்து ஒருவருடைய மேதைமையால் மட்டும் எழுவதில்லை. அச்சகமும் நூலகமும் வகுப்பறையும் உதவித்தொகையும் இருந்தால்தான் ஒடுக்கப்பட்டவனின் மேதைமை புத்தகமாகும். ஸ்டாக்ஹோமில் 1997இல் குர்து நூலகம் ஒன்று நிறுவப்பட்டது. நம்மவர்களின் கையெழுத்துப் பிரதிகளும் சிற்றிதழ்களும் பரணில் கறையான் அரித்துக் கிடக்கும்போது, நூலகம் என்ற சொல்லை நாம் சும்மா கடந்துபோக முடியாது.

இவ்வளவும் சொன்னதால் சுவீடனைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். உலகிலேயே முதன்முதலாக அரசே இனஉயிரியல் நிறுவனம் ஒன்றை உப்சாலாவில் 1922இல் தொடங்கிய நாடு அது. மண்டையோட்டை அளந்து மனிதரைத் தரம் பிரித்த நாடு. 1934 முதல் 1975 வரை நடப்பிலிருந்த கருத்தடைச் சட்டங்களின் கீழ் ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அதில் வற்புறுத்தலும் கட்டாயமும் நிறைய. சம உரிமைக் கொள்கை வந்த அதே 1975 வரை அது நீடித்தது என்பதை மறக்கக் கூடாது.

1965 முதல் 1974 வரை சுவீடன் பத்து லட்சம் வீடுகள் கட்டியது. தொழிலாளருக்கு நல்ல வீடு என்பதுதான் நோக்கம். ஆனால் வசதி வந்ததும் சுவீடன்காரர்கள் தனிவீடு தேடிப் போனார்கள். ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள ரிங்கெபி, டென்ஸ்டா, ஃபித்யா போன்ற புறநகர் அடுக்ககங்களில் துருக்கியரும் குர்துகளும் பிற குடியேறிகளும் மிஞ்சினார்கள். இதை நாம் அவசரப்பட்டு ஊர் – சேரி என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே தீட்டு இல்லை, சாத்திரம் இல்லை, மேலே போனவரைத் திரும்ப இழுத்துவரும் பிறப்புச் சட்டம் இல்லை. ஆனால் முகவரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிற அனுபவம் அங்கேயும் உண்டு. ‘கருந்தலையன்’ என்று பொருள்படும் ஒரு வசைச்சொல் உண்டு. அந்த வசையைப் பிள்ளைகள் எடுத்துத் தாங்களே தங்களை அழைத்துக்கொண்டார்கள், வசையின் பல் உதிரும் வரை. அவர்கள் பேசிய கலவை சுவீடிஷுக்கு ‘ரிங்கெபி சுவீடிஷ்’ என்று பெயர் விழுந்தது. அதில் பெண்ணுக்கு ‘குஸ்’, காவல்துறைக்கு ‘ஐனா’. இரண்டும் துருக்கியிலிருந்து வந்தவை. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட ‘குஸ்’ 2006இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலிலேயே ஏறிவிட்டது. சேரி வழக்கை அச்சில் ஏற்றியதற்காக வசை வாங்கியவர்களுக்கு இதில் ஒரு புன்சிரிப்பு உண்டு.

சந்தேகம் எப்படி ஒரு மக்கள்மீது விழுகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே 1986 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். குலுவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அந்த உழவர்கள் தங்கள் நன்றியை அப்படிக் காட்டினார்கள். ஆனால் ஸ்டாக்ஹோமில் காவல்துறை மாதக்கணக்கில் குர்துகளைத்தான் துரத்தியது. 1987 தொடக்கத்தில் பல குர்துகளைப் பிடித்து விசாரித்தது, விட்டுவிட்டது. அந்தத் தடம் எங்கும் போய்ச் சேரவில்லை. புலனாய்வுத் தலைவர் விலகினார். ஆனால் கொலைகாரர்கள் என்ற பழி ஒரு சமூகத்தின்மீது ஒட்டிக்கொண்டது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வரலாறு தெரிந்த நமக்கு அந்தப் பிசுக்கு எவ்வளவு நாள் போகாது என்பது தெரியும். சுவீடன் ஜனநாயகவாதிகள் என்ற குடியேறி எதிர்ப்புக் கட்சி 2010இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் வந்தது. 2022இல் அது ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கி நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியானது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த உரையின் மையம்.

ஃபதிமே ஷாஹிந்தால் துருக்கியில் குர்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக சுவீடனுக்கு வந்தவர். தான் விரும்பிய சுவீடன் இளைஞரோடு வாழ நினைத்தார். குடும்பம் மிரட்டியது. அவர் ஒளியவில்லை. ஊடகங்களில் பேசினார், வழக்குத் தொடுத்தார், தந்தையும் தம்பியும் தண்டிக்கப்பட்டார்கள். விரும்பியவர் 1998இல் ஒரு கார் விபத்தில் இறந்தார். ஃபதிமே சமூகப்பணி படிக்கப் போனார். 2001 நவம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் பேசினார். இரண்டு மாதம் கழித்து, 2002 ஜனவரி 21 அன்று, தாயையும் சகோதரிகளையும் பார்க்க உப்சாலாவுக்கு மறைவாக வந்திருந்தபோது, தந்தை அவரைச் சுட்டுக்கொன்றார்.

அந்தக் கருத்தரங்கில் அவர் சொன்னதன் சாரம் இது: என் பெற்றோரை இந்தச் சமூகம் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தால், பொறுப்பை ஏற்றிருந்தால், எனக்கு நேர்ந்தது நேராமல் போயிருக்கலாம், நான் பட்டது மற்றப் பெண்களுக்கு உதவட்டும், அவர்களைக் கைவிடாதீர்கள். தன்னை வேட்டையாடிய குடும்பத்தைப் பற்றிப் பேசும்போதும் அவர் அவர்களை மிருகம் என்று சொல்லவில்லை.

கொலைக்குப் பிறகு சுவீடனில் இரண்டு குரல்கள் எழுந்தன. இவர்கள் கலாச்சாரமே இப்படித்தான் என்றது ஒன்று. அது இனவெறிக்கு எண்ணெய் ஊற்றியது. இதைப் பற்றிப் பேசினால் இனவெறியர்களுக்கு வசதியாகிவிடும், ஆகவே அடக்கி வாசிப்போம் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள் ஃபதிமே போன்ற பெண்கள். முதல் குரல் அவளை ஒரு சமூகத்தை அடிக்கும் கோலாக்கியது. இரண்டாம் குரல் சமூகத்தின் மானத்துக்காக அவளை மௌனமாக்கியது.

சுவீடன் 1975இல் தந்த சமத்துவம் எங்கே நின்றுபோனது என்பது இங்கே தெரிகிறது. அது சமூகங்களைச் சமமாக்கியது. மொழிக்குப் பணம் தந்தது, சங்கத்துக்கு இடம் தந்தது. சமூகத்துக்காக யார் பேசுகிறார்கள், வீட்டுக்குள் யார் பேசக் கூடாது என்று அது கேட்கவில்லை. சங்கத்தின் தலைவரோடு பேசிவிட்டால் சமூகத்தோடு பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டது. 2004இல்தான் குடியேறிகளின் பெண்பிள்ளைகளுக்குத் தனி விலக்கு இல்லாமல் எல்லோருக்கும் திருமண வயது 18 என்றானது. மானத்தின் பெயரால் ஒடுக்குவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. ஃபதிமே இறந்து இருபது ஆண்டு கழித்து.

இங்கே நம் மண் தானாக நினைவுக்கு வருகிறது. அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். நம் ஊரில் ஆணவக் கொலைக்குப் பின்னால் சாதி என்ற முழு அமைப்பே நிற்கிறது. கொன்றவனை ஊர்வலமாக அழைத்துப்போக ஆள் இருக்கிறது. தனிச் சட்டம் கேட்டு நம் இயக்கங்கள் நெடுங்காலமாகப் போராடுகின்றன. அங்கே உப்சாலா பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பட்டத்து இளவரசி வந்து அமர்ந்தார். வேறுபாடு பெரிது. ஆனால் பெண்ணின் தேர்வைக் காவல் காத்துத்தான் ஒரு கூட்டம் தன்னைக் கூட்டமாக வைத்துக்கொள்கிறது என்ற உண்மை இரண்டு இடத்திலும் ஒன்று. நம் இயக்கங்களுக்குள் பெண்கள் கேள்வி கேட்கும்போது, எதிரிக்கு வசதியாகிவிடும், இப்போது வேண்டாம் என்று சொல்கிற வாய் நம்மிடமும் இருக்கிறது. அந்த வாய்க்குப் ஃபதிமேயின் பெயரை நினைவூட்ட வேண்டும்.

இன்னும் ஒன்று. 2022 மே மாதம் சுவீடன் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர விண்ணப்பித்தது. துருக்கி சம்மதிக்க வேண்டும். துருக்கி கேட்ட விலைப்பட்டியலில் சுவீடனில் வாழும் குர்து அகதிகள் இருந்தார்கள். ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில், புகலிடம் மறுக்கப்பட்டிருந்த ஒரு குர்து மனிதர் துருக்கிக்கு அனுப்பப்பட்டார். 2024 மார்ச் 7 அன்று சுவீடன் நேட்டோவில் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்தவர்கள், தாங்கள் ஒரு பேரத்தின் சரக்காக மேசையில் வைக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 1967இல் சம கூலியைக் காத்தது நலன். 2022இல் அகதியை மேசையில் வைத்ததும் நலன்தான். சட்டத்தில் எழுதியிருப்பது போதாது. அதைக் காக்க அமைப்பாகத் திரண்ட மக்கள் எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் நாளை ஆய்வுக்குப் போவீர்கள், வெளிநாடும் போவீர்கள். எந்தச் சமூகத்தைப் பற்றிப் படித்தாலும் அதன் பொதுப்பெயரோடு நின்றுவிடாதீர்கள். துருக்கியர் என்றால் அதற்குள் குர்து எங்கே என்று கேளுங்கள். குர்து என்றால் அதற்குள் ஃபதிமே எங்கே என்று கேளுங்கள். தலித் என்று நாம் பெருமிதத்தோடு சொல்லும் பெயருக்குள்ளும் யார் கடைசியில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒலிவாங்கி கிடைத்ததா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் நம் ஒற்றுமை உடையாது. அதைக் கேட்கத் தயங்குகிற ஒற்றுமையைத்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

ஜெய் பீம்.